ஆளுக்குப் பின்னால் பெயர்

மார்ச் 4

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுகிறேன். மாமா சொல்லச் சொல்ல யாரோ எழுதுவது இல்லை, மாமாவே எழுதுவது. நம்பிக்கை வராவிட்டால் எழுத்தைப் பார். எறும்பு மையில் விழுந்து எழுந்து நடந்த மாதிரி இருக்கும். இங்கே நான் சுகம். உன் அத்தை இடுப்பு ஒடிந்ததிலிருந்து ஜன்னலோர நாற்காலியே கதி என்று இருக்கிறாள். மருந்துக் கடையில் நாளெல்லாம் நிற்கிறாயே, உன் கால் வீக்கம் வற்றியதா?

பின்தெரு நூலகத்தின் மாடியில் சாயந்திர வகுப்பு நடக்கிறது. மாணவர்கள் எல்லாரும் கிழங்கள். டீச்சருக்கு உன் வயதுதான் இருக்கும். முதல் நாள் கேட்டாள், "ஐயா என்ன வேலை பார்த்தீங்க?"

"லிப்ட் ஓட்டினேம்மா. பன்னிரண்டு மாடி ஆபீசு."

"அப்ப எண்ணெல்லாம் தெரியும்."

"தெரியும். ஆனா ஆயுசு பூரா மேலயும் கீழயுமே போனவன் நான். இந்த எழுத்து பக்கவாட்டுல போகுதே, அதான் தலையைச் சுத்துது."

வகுப்பே சிரித்தது. இப்போது பக்கவாட்டிலும் போகிறேன். தெருவில் ஒரு பலகையையும் விடுவதில்லை. எதிர்ச் சுவரில் இருப்பதை இத்தனை வருடமாக ஏதோ கடையின் பெயர் என்று நினைத்திருந்தேன். படித்தால் "இங்கு குப்பை கொட்டாதீர்" என்று இருக்கிறது. ர, ற இரண்டும்தான் என்னை வதைக்கின்றன. மாமியார் மருமகள் மாதிரி, ஒன்று நிற்கிற இடத்தில் இன்னொன்று நிற்காதாம். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

இனி விஷயம். உன் அம்மா, என் தங்கச்சி, விட்டுப்போன படங்கள், காகிதங்கள் எல்லாம் ஆவணக் காப்பகத்துக்குப் போய்விட்டதாகவும், மத்தியானங்களில் நீ அங்கே போய் அடையாளம் சொல்லித் தருவதாகவும் போனில் சொன்னாய். ரயில் சுரங்கம் இடிந்த அன்று உன் அம்மா அங்கே படம் எடுக்கப் போயிருந்தாள். நம் பையன் வேலை பார்த்த சுரங்கம். இடிந்து பதினொரு வருடம் ஆகிறது. வெளியே எடுத்தது மூன்று உடல்களைத்தான். மிச்சத்தைச் சிமெண்டு போட்டு மூடிவிட்டார்கள். ஆள் பதிவும் உள்ளேயே புதைந்துவிட்டது, உங்கள் பையன் அன்று இறங்கினானோ வேறு ஊருக்கு ஓடினானோ எங்களுக்குத் தெரியாது என்றார் காண்டிராக்டர். வெளியே இருந்த தொழிலாளர்களும் ஊர் ஊராகக் கலைந்துபோனார்கள், அதற்கு மேல் ஒரு சொல் எங்களுக்குக் கிடைக்கவில்லை. உன் அத்தை இன்றுவரை வாசல் கதவுக்குத் தாழ் போட விடுவதில்லை.

அந்த நாள் படம் ஏதாவது இருந்தால் பார்த்துச் சொல். அவன் உள்ளே போனானா இல்லையா. இதைக் கேட்கத்தான் எழுதப் படித்தேன். போனில் கேட்டால் குரல் உடைந்துவிடும், அத்தை பக்கத்திலேயே இருக்கிறாள்.

இப்படிக்கு,
எழுதத் தெரிந்த உன் மாமா

மார்ச் 19

என் மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தைக் கடையில் எல்லாருக்கும் காட்டினேன். டாக்டர்களின் கையெழுத்தைப் படித்தே பிழைக்கிறவள் நான். உங்கள் எழுத்து அவர்களுடையதைவிட ஆயிரம் மடங்கு தெளிவு. அத்தைக்கு வலி குறைந்திருக்கிறதா? என் கால் அப்படியேதான் இருக்கிறது, தூண் மாதிரி. தூணாவது அசையாமல் நிற்கும்.

காப்பகத்தில் அம்மாவுக்கு ஒரு முழு அலமாரி கொடுத்திருக்கிறார்கள். குளிரூட்டிய அறை. பேனாவை வாசலிலேயே வாங்கிக்கொள்வார்கள், உள்ளே பென்சில் மட்டும்தான். பருத்திக் கையுறை மாட்டிக்கொண்டு சாம்பல் நிறப் பெட்டிகளைத் திறந்தால் அம்மாவின் ஆயுள் அடுக்கடுக்காக வருகிறது. ஸ்டுடியோவில் படம் கழுவும் பெண்ணாக வேலைக்குச் சேர்ந்தபோது வாங்கிய அடையாள அட்டை. போலீஸ் அவள் கேமராவைப் பறித்துவைத்து எழுதிக் கொடுத்த ரசீது. "பெண்ணை அனுப்ப வேண்டாம், ஆணை அனுப்பவும்" என்று பத்திரிகை ஆசிரியருக்கு எங்கிருந்தோ வந்த தந்தி, அதன் கீழேயே அம்மாவின் பென்சில்: "போய்விட்டு வந்துவிட்டேன்."

படங்களைச் சொல்லி முடியாது. ஆஸ்பத்திரியில் ரத்தத் துணி வெளுக்கிறவர்கள். செங்கல் சுமக்கிற கர்ப்பிணி. ஆபீஸ் காலியான பிறகு முதலாளியின் நாற்காலியில் கால்மேல் கால் போட்டுச் சிரிக்கிற துப்புரவுக்காரம்மா. ஒவ்வொரு படத்தின் பின்பக்கமும், அதில் இருக்கிற எல்லாரின் பெயரும் மெல்லிய பென்சிலில் இருக்கும். நான் சிறுமியாக இருந்தபோது ஒருமுறை, எதற்கு இவ்வளவு பெயர் என்று கேட்டேன். "பேர் கேக்காம ஒருத்தர் முகத்தை எடுத்துட்டு வந்தா அதுக்குத் திருட்டுன்னு பேரு" என்றாள்.

சுரங்கத்தின் பெட்டி இன்னும் என் மேசைக்கு வரவில்லை. வந்ததும் முதலில் உங்களுக்குத்தான் எழுதுவேன். ஒன்று மட்டும் சொல்கிறேன்: பதிவேட்டில் அந்த நாள் பிலிம்சுருளுக்குப் பிறகு ஒரு சுருளும் இல்லை. கண் மங்கியதால் நிறுத்திவிட்டார் என்று இங்கே எழுதி வைத்திருக்கிறார்கள். அம்மா கடைசிவரை கண்ணாடி இல்லாமல் ஊசியில் நூல் கோத்தவள்.

அத்தைக்கு என் முத்தம். மருந்தை நிறுத்திவிட வேண்டாம்.

உங்கள் வாயாடி

ஏப்ரல் 2

அன்புள்ள வாயாடிக்கு,

சுகத்துக்குச் சுகம். அத்தைக்கு முத்தத்தைக் கொடுத்தேன். "இந்த வயசுல என்ன கிறுக்கு" என்று கன்னத்தைத் துடைத்துக்கொண்டாள். அது மருமகள் அனுப்பியது என்று சொன்ன பிறகுதான் துடைப்பதை நிறுத்தினாள்.

நீ ஊசியைப் பற்றி எழுதியது சரி. அவள் கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. சுரங்கம் விழுந்த பிறகு மாதம் ஒருமுறை இங்கே வருவாள். அதற்கு முன்பெல்லாம் கேமராதான் முதலில் வாசலில் நுழையும், அவள் பிறகுதான். அப்புறம் வெறுங்கையோடு வந்தாள். "அண்ணா, ஒரு விஷயம்" என்று ஆரம்பிப்பாள். நான் நிமிர்ந்து பார்ப்பேன். "அண்ணி டீ நல்லாருக்கு" என்பாள். டீயைக் குடித்துக்கூட இருக்க மாட்டாள்.

அன்று காலையில் அவனைப் பார்த்தாயா என்று நான் கேட்டிருக்கிறேன். "நான் சீக்கிரமே கிளம்பி பஸ் ஏறிட்டேண்ணா, பார்க்கலை" என்றாள். கேட்டது ஒரே ஒரு முறை. அவள் முகம் போன போக்கைப் பார்த்துப் பிறகு கேட்கவில்லை.

அடுத்த செய்தி. தொழிலாளர் சங்கம் சுரங்க வாசலில் கல் நடப் போகிறதாம். உள்ளே போனவர்களின் பெயர்களை வெட்டுவார்களாம். எங்களிடம் வந்து, "ஐயா, உங்க மகன் உள்ள போனதுக்கு ஆதாரம் ஏதாவது இருக்கா?" என்று கேட்டார்கள். ஆதாரம் இல்லை என்றேன். "அப்ப அவர் பேரை எப்படிப் போடறது?" என்றார்கள். அவர்கள் மேல் குற்றம் இல்லை. செத்தவன் பட்டியலிலும் இல்லை, இருக்கிறவன் பட்டியலிலும் இல்லை. லிப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டால் உள்ளே இருப்பவர்கள் கதவைத் தட்டுவார்கள் பார், நானும் உன் அத்தையும் அப்படித்தான் தட்டிக்கொண்டிருக்கிறோம்.

பெட்டி வந்துவிட்டதா?

மாமா

ஏப்ரல் 21

மாமா,

நலம் விசாரிக்கக்கூடப் பொறுமை இல்லை. உட்கார்ந்துகொண்டு படியுங்கள். அத்தையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

படம் கிடைத்தது. சுரங்க வாய்க்குள் நின்று வெளியே பார்த்து எடுத்திருக்கிறாள். ஷிப்ட் மாறுகிற நேரம். வெளிச்சம் எல்லாம் அவர்களுக்குப் பின்னாலிருந்து வருவதால் ஏழு பேரும் கறுப்பு உருவங்களாக நிற்கிறார்கள், யாருக்கும் முகம் தெரியவில்லை. இடப்பக்கத்தில் நான்கு பேருக்குத் தலையில் விளக்கு எரிகிறது. அவர்கள் உள்ளே வருகிறவர்கள். வலப்பக்கத்தில் மூன்று பேர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருக்கிறார்கள். வேலை முடிந்து வெளியே போகிறவர்கள்.

திருப்பினால் அம்மாவின் பென்சில். ஆறு பெயர்கள். ஏழாவதாக, கடைசியில், பெயர் இல்லை. "என் மருமகன்" என்று இருக்கிறது.

இடமிருந்து வலமாகப் படித்தால் கடைசி ஆள். படத்தில் வலது ஓரம். தொப்பி கையில் இருக்கிறது மாமா. அத்தான் வெளியே வந்துவிட்டார். மலை விழுந்தபோது அவர் உள்ளே இல்லை.

அழுதுகொண்டே படத்துக்கான விவரத்தை நானே தட்டச்சு செய்து கொடுத்தேன். முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் மெல்லிய தாளில் நகல் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். அத்தையிடம் காட்டுங்கள்.

உங்கள் வாயாடி

ஏப்ரல் 28

என் தங்கமே,

நாங்கள் சுகம். பொய்க்குச் சொல்லும் சுகம் இல்லை, மெய்யான சுகம். உன் கடிதத்தை அத்தைக்கு வாசித்தேன். "இன்னொரு தடவை படிங்க" என்றாள். படித்தேன். "அந்தத் தொப்பி இடத்தை மட்டும் படிங்க" என்றாள். சாயந்திரத்துக்குள் அந்த வரி எனக்கு மனப்பாடம். இரவு சாப்பாட்டைத் தட்டில் மீதி வைக்காமல் சாப்பிட்டாள். எத்தனையோ காலத்துக்குப் பிறகு, "உப்பு கம்மி" என்று குறை சொன்னாள். உயிர் வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

வலது ஓரத்தில் நிற்கிறவனை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தோம். கொஞ்சம் குள்ளமாகத் தெரிகிறான். நம் பையன் நெட்டைப் பனை ஆயிற்றே என்றேன். "வேலை முடிஞ்ச அலுப்புல குனிஞ்சு நிக்கிறான், இதுகூடத் தெரியலையா" என்று திட்டினாள். அப்படித்தான் இருக்கும்.

பின்பக்கத்தைப் பார்த்துத்தான் எனக்குச் சிரிப்பு. உன் அம்மா என்னைவிட மோசம்! ஒரு பெயர் மேலே, ஒரு பெயர் கீழே, இரண்டு பெயர் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன, "என் மருமகன்" மட்டும் எல்லாவற்றையும்விட உயரத்தில் தனியாக நிற்கிறது. என் டீச்சர் பார்த்தால் கோடு போட்ட தாளைக் கொடுத்துக் காதைத் திருகியிருப்பாள்.

ஒன்றுதான் புரியவில்லை. பார்க்கவில்லை என்றாளே, ஏன்? அவனே அவளிடம் சொல்லியிருப்பான், "அத்தை, அப்பாகிட்ட சொல்லாதே, நான் வேற ஊருக்குப் போறேன்" என்று. அதைச் சொல்லத்தான் ஒவ்வொரு முறையும் வாயைத் திறந்திருக்கிறாள். இருக்கட்டும். கோபம் இல்லை. இருக்கிறானே, அது போதும்.

இனித் தேட வேண்டியதுதான். ஆஸ்பத்திரி, போலீஸ் ஸ்டேஷன், தொழிலாளர் விடுதி என்று விலாசம் கிடைத்த இடத்துக்கெல்லாம் எழுதுகிறேன். ஒரே கடிதத்தைத் திரும்பத் திரும்ப எழுதுவதில் ஒரு லாபம்: ர, ற இரண்டும் சமாதானமாகிவிட்டன.

மகிழ்ச்சியோடு,
மாமா

ஜூன் 3

அன்புள்ள மாமாவுக்கு,

நலம்தானே? பதில் தாமதமாகிவிட்டது, கடையில் ஒருத்தி விடுப்பில் போய்விட்டாள். நீங்கள் எழுதிய இடங்களிலிருந்து ஏதாவது வந்ததா?

இங்கே ஒரு வேடிக்கை. சங்கத்துக்காரர்கள் நம் படத்தைப் பெரிதாக்கி, நான் எழுதிய விவரத்தோடு அவர்கள் கூடத்தில் மாட்டியிருக்கிறார்கள். விளக்கு எரிகிற நான்கு பேரின் பெயரையும் கல்லில் வெட்டலாம் என்று முடிவு. போன வாரம் கைத்தடி ஊன்றிக்கொண்டு ஒருவர் காப்பகத்துக்கே வந்துவிட்டார். சுரங்கத்தில் அவருக்குப் பாட்டுக்காரர் என்று பெயராம். அம்மாவும் பின்பக்கம் அப்படித்தான் எழுதியிருக்கிறாள், இரண்டாவது பெயர்.

"யாரும்மா இதை எழுதினது?"

"நான்தாங்க."

"என்னை எதுக்கும்மா உள்ள தள்ளினே? நான் வெளிய வந்து டீ குடிச்சுக்கிட்டு இருந்தவன். எங்க வீட்டுக்காரி கல்லுல என் பேரைப் பார்த்தா, இத்தனை நாளா யாருக்கய்யா சோறு போட்டேன்னு துரத்திடுவா."

எல்லாரும் சிரித்துவிட்டோம். வயதானவர், நாளைக் குழப்பிக்கொள்கிறார் என்றார் காப்பக அதிகாரி. எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போய் விவரமாகக் கேட்டு வரலாம் என்றிருக்கிறேன்.

அத்தையின் இடுப்புக்கு ஒத்தடம் கொடுங்கள்.

உங்கள் வாயாடி

ஜூன் 15

அன்புள்ள மருமகளுக்கு,

சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நிலைமை சொல்லும்படி இல்லை.

ஒரு பதிலும் வரவில்லை. தபால்காரர் என்னைப் பார்த்தாலே சைக்கிளை எதிர்ப்பக்கம் ஒடிக்கிறார். அதுகூடப் பரவாயில்லை. உன் அத்தை மறுபடியும் சாப்பிடுவதை விட்டுவிட்டாள். முன்பு அழுவாள், இப்போது யோசிக்கிறாள். அது இன்னும் கொடுமையாக இருக்கிறது.

"வெளிய வந்தவன் வீட்டுக்கு ஏன் வரல?" என்கிறாள். "நாம என்ன பண்ணிட்டோம் அவனுக்கு?"

"வருவான்" என்கிறேன்.

"பதினோரு வருஷமா ஒரு போன் பண்ண முடியலையா? அவனுக்கு வேண்டாத அம்மாவா நான்?" என்கிறாள். சின்ன வயதில் அவனை அடித்ததையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து எண்ணுகிறாள். பென்சில் தொலைத்ததற்கு அடித்தது, மழையில் ஆடியதற்கு அடித்தது. "அன்னிக்கு அடிச்சதுக்குத்தான் போயிட்டான்" என்று ஒவ்வொரு நாளும் ஒரு காரணம் கண்டுபிடிக்கிறாள். செத்தானோ இருக்கிறானோ என்று தெரியாமல் இருந்த வருடங்களில்கூட அவள் இப்படிக் கருகவில்லை. நீ அனுப்பியது நல்ல செய்திதான், மருமகளே. நல்ல செய்தி ஆளைத் தின்னும் என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

பாட்டுக்காரர் வீட்டுக்குப் போனாயா? நம் பையனை அவருக்குத் தெரியுமா? வெளியே வந்து எந்தப் பக்கம் போனான் என்று பார்த்தாரா? அதை மட்டும் உடனே எழுது.

மாமா

ஜூலை 20

மருமகளே,

உடம்புக்கு ஒன்றும் இல்லையே? அத்தை காதில் விழாமல் பக்கத்து வீட்டுப் போனிலிருந்து கடைக்குப் பேசினேன், நீ மருந்து எடுக்க உள்ளே போயிருப்பதாகச் சொன்னார்கள். மறுநாளும் உள்ளேயே இருந்தாய்.

வாயாடி பேசாமல் இருந்தால் வீட்டில் ஏதோ உடைந்திருக்கிறது என்று உன் அம்மா சொல்வாள்.

நல்லதோ கெட்டதோ, எழுது. எனக்கு இப்போது படிக்கத் தெரியும்.

மாமா

ஆகஸ்ட் 2

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். அத்தையும் நீங்களும் நலமாக இருக்க வேண்டும். கடையில் கணக்கெடுப்பு நடந்ததால் எழுத முடியவில்லை. இங்கே மழை இல்லை.

அம்மாவின் பழைய பெட்டி ஒன்றில் நீங்களும் அத்தையும் இருக்கிற படம் கிடைத்தது. நீங்கள் வேலை பார்த்த லிப்டின் வாசலில் எடுத்தது. இரண்டு பேரும் எவ்வளவு அழகாக இருக்கிறீர்கள். குடும்பப் படம்தானே என்று காப்பகத்தில் கேட்டு அசல் படத்தையே வாங்கி அனுப்பியிருக்கிறேன். பின்பக்கத்தையும் பாருங்கள்.

உங்கள் மருமகள்

ஆகஸ்ட் 9

அன்புள்ள மருமகளுக்கு,

உன் கடிதம் வந்ததே எங்களுக்குச் சுகம். வாயாடி என்று கையெழுத்துப் போட மறந்துவிட்டாய், அதை மட்டும் மன்னிக்க மாட்டேன்.

படத்தைப் பார்த்ததும் இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது என்றால் நம்புவாயா? இடப்பக்கத்தில் உன் அத்தை, இவ்வளவு பெரிய கொண்டை. வலப்பக்கத்தில் நான், சீருடை, மீசை. ஆபீசில் எல்லாரும் போன பிறகு உன் அம்மா இவளைக் கூட்டிவந்து லிப்டில் ஏற்றினாள். கதவு மூடியதும் என் கையைப் பிடித்தவள் பன்னிரண்டாம் மாடிவரை விடவில்லை.

நீ சொன்னாயே என்று திருப்பினேன். முதலில் "அண்ணன்" என்று இருக்கிறது, அடுத்து "அண்ணி". திருப்பிப் பார்த்தால் முதலில் நிற்பது உன் அத்தை! "அடியே, என் தங்கச்சி கணக்குப்படி உனக்கு மீசை, எனக்குக் கொண்டை" என்றேன். இவளும் சிரித்தாள். மூன்று மாதத்தில் முதல் தடவை. சிரித்துவிட்டு, "அவ என்ன லூசா? அண்ணன் யாரு அண்ணி யாருன்னு தெரியாமலா எழுதுவா? இப்படிக் குடுங்க" என்று வாங்கினாள். உன் அத்தைக்குத்தான் ஓர் எழுத்தும் தெரியாதே. பென்சில் தடத்தின் மேல் கட்டைவிரலை வைத்தாள்.

"இங்க என்ன எழுதியிருக்கு?"

"அண்ணி."

கட்டைவிரலை எடுக்காமல் கையை மட்டும் திருப்பினாள். "முன்னாடி இந்த இடத்துல யாரு நிக்கிறது?"

"நீதான்."

"எனக்குப் பின்னாடி என் பேரு. உங்களுக்குப் பின்னாடி உங்க பேரு. சரியாத்தானே எழுதியிருக்கா."

நான் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். அவள் நிறுத்திவிட்டாள். "அந்தப் படத்தையும் எடுங்க" என்றாள்.

இதற்கு மேல் எழுத முடியாமல் தாளை மடித்து வைத்திருந்தேன். இன்று பதினாறாம் தேதி. மிச்சத்தை எழுதிவிடுகிறேன்.

நீ அனுப்பிய இரண்டு நகலையும் முதுகோடு முதுகு சேர்த்து ஜன்னல் கண்ணாடியில் வைத்துப் பிடித்தோம். வெயில் இருந்தது. மேலும் கீழுமாகத் துள்ளுகிறதே என்று நான் கேலி செய்த பெயர்கள் எல்லாம் போய் ஒவ்வொரு ஆளுக்குள்ளும் உட்கார்ந்துகொண்டன. ஒட்டி நின்ற பெயர்கள் ஒட்டி நிற்கிற இரண்டு பேருக்குள். எல்லாவற்றையும்விட உயரத்தில் தனியாக இருந்தது, இடது ஓரத்தில் தனியாக நிற்கிற நெட்டையனுக்குள்.

"என்ன எழுதியிருக்கு அங்க?" என்றாள். எழுத்து திரும்பித் தெரிந்தது. ஆனாலும் படிக்க முடிந்தது. சொன்னேன்.

அவள் விரலால் கொஞ்சம் மேலே தொட்டாள். "விளக்கு எரியுது" என்றாள்.

மாமா

ஆகஸ்ட் 22

மாமா,

அத்தை எப்படி இருக்கிறார்? நீங்கள் சாப்பிடுகிறீர்களா? இதைக் கேட்க எனக்கு முகம் இல்லை, ஆனாலும் கேட்கிறேன்.

பாட்டுக்காரர் வீட்டுக்குப் போனேன். அத்தானை அவருக்குத் தெரியும். "நெட்டைத் தம்பியா? உள்ள போறப்ப எங்கிட்ட நெருப்புப்பெட்டி கேட்டான். உள்ள எதுக்குடான்னேன். சும்மா கையில வச்சுக்கத்தான்னு சிரிச்சான். அந்தம்மா எல்லாரையும் ஒரு நிமிஷம் நிக்கச் சொல்லி படம் எடுத்தாங்க. அவன் மட்டும் 'அத்தை, சீக்கிரம், மேஸ்திரி கத்துவாரு'ன்னான்" என்றார். நான் அப்போதும் நம்பவில்லை. அவருக்கு மறதி என்று சொல்லிக்கொண்டே பஸ் ஏறினேன். மறுநாள் லிப்ட் படம் மேசைக்கு வந்தது. ஒருத்தரின் பெயரை அவர் உடம்புக்கு நேர் பின்னால்தான் எழுதுவாள் அம்மா. திருப்பினால் வரிசை மாறும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஊர்க் கையெழுத்தையெல்லாம் படிக்கிறவள், பெற்றவள் கையெழுத்தைத் தலைகீழாகப் படித்து உங்களுக்கு அனுப்பினேன்.

பல தடவை எழுத உட்கார்ந்தேன். "மாமா, ஒரு விஷயம்" என்று எழுதுவேன். அடுத்து மழையைப் பற்றி எழுதுவேன். கடைசியில் அந்தப் படத்தை உறையில் போட்டேன். அம்மாவுக்கும் வாய் வரவில்லை, பென்சில்தான் வந்தது. அவள் அதை எடுத்து நீட்டியிருந்தாலும் அப்போது உங்களுக்குப் படிக்கத் தெரிந்திருக்காது. அது தெரிந்தே எழுதினாளோ, என்றாவது படிப்பீர்கள் என்று எழுதினாளோ.

காப்பகத்தில் விவரத்தைத் திருத்திவிட்டேன். சங்கத்திலும் சொல்லிவிட்டேன். கல்வெட்டு வேலை அடுத்த மாதம் தொடங்குகிறது. மற்றவர்களின் பெயர் படத்திலேயே இருக்கிறது. அத்தானுக்கு மட்டும் "என் மருமகன்" என்றுதான் இருக்கிறது. அதைக் கல்லில் வெட்ட முடியாது, பெற்றவர்கள் பெயரை எழுதிக் கொடுக்கட்டும் என்கிறார்கள். அத்தைக்கு விருப்பம் இல்லை என்றால் விட்டுவிடலாம். நான் உங்களை எதுவும் கேட்கிற நிலையில் இல்லை.

உங்கள் மருமகள்

செப்டம்பர் 3

அன்புள்ள வாயாடிக்கு,

அப்படித்தான் கூப்பிடுவேன், உன் விருப்பத்தைக் கேட்கவில்லை. நான் சாப்பிடுகிறேன். அத்தையும் பாதித் தட்டு சாப்பிடுகிறாள், உப்பைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

அன்று ஜன்னலை விட்டு வந்த பிறகு நாள் முழுக்க அவள் அந்த நகல்களைக் கையை விட்டுக் கீழே வைக்கவில்லை. நான் பயந்துபோய் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். விளக்கு வைக்கிற நேரத்தில் வாயைத் திறந்தாள். "அவன் நம்மள விட்டுப் போகலை" என்றாள்.

"இல்ல."

"வர முடியலை."

"ஆமா."

"நான் அடிச்சதுக்காகப் போகலை."

"இல்லடி."

பிறகுதான் அழுதாள். நானும். அழுகை தீர்ந்து, அடுப்பை அணைத்து, நான் பாயை விரிக்கும்போது, "கதவைத் தாழ் போடுங்க" என்றாள். எழுந்து போனேன். இத்தனை வருடத்தில் தாழ்ப்பாள் துருப்பிடித்து நகரவில்லை. விளக்குக்கு ஊற்றுகிற எண்ணெயை ஊற்றி, சுத்தியலால் தட்டித்தான் போட்டேன். ஒவ்வொரு தட்டுக்கும் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். போட்டு முடித்துத் திரும்பினால், "போட்டாச்சா?" என்று கேட்டாள். போட்டாச்சு என்றேன். அந்தச் சொல்லை வாயிலிருந்து வெளியே கொண்டுவரப் பட்ட பாடு எனக்கு மட்டும்தான் தெரியும்.

உன் அம்மாவை நினைத்தால் ஒரு நேரம் கோபம் வருகிறது. மறுநேரம் அவள் டீ டம்ளரைப் பிடித்திருந்த விதம் ஞாபகம் வருகிறது. ஒரு நிமிடம் நில் என்று அவனை நிறுத்தி எடுத்தாளே, இன்னும் கொஞ்சம் நிறுத்தியிருக்கக் கூடாதா என்று அவள் தன்னையே எத்தனை தடவை கேட்டிருப்பாள். அந்தக் கேள்வியை அவளுக்கு யார் தூக்கிக்கொடுத்தார்கள்? கேமராவைக் கீழே வைத்தாள், கேள்வியைக் கீழே வைக்க முடியவில்லை. நீயும் அதை எடுத்துச் சுமக்காதே. தப்பாகப் படித்தாய், திருத்திவிட்டாய். நான் "இங்கு குப்பை கொட்டாதீர்" என்பதைக் கடைப்பெயர் என்று எத்தனை வருடம் நம்பியவன்.

கல்லில் பெயர் வேண்டுமா என்று அத்தையிடம் கேட்டேன். "கல்லுக்கு முன்பக்கம்தானே எழுதுவாங்க?" என்றாள். ஆமாம் என்றேன். "அப்ப எழுதிக் குடுங்க. யாரும் திருப்பிப் படிக்க வேண்டியதில்ல."

வகுப்பில் முதல் நாள், உங்கள் பெயரை எழுதப் பழகுங்கள் என்று டீச்சர் சொன்னபோது நான் என் பெயரை எழுதவில்லை. அவன் பெயரைத்தான் கேட்டு எழுதினேன். என் பெயர் அது என்று அவள் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறாள், எல்லார் முன்னாலும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிடுகிறாள். நான் திருத்தவில்லை. சாயந்திரமானால் ஒருவராவது அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்களே.

தனித்தாளில் அதை எழுதி இதோடு வைத்திருக்கிறேன். ர வருகிற இடத்தில் ர தான் போட்டிருக்கிறேன், டீச்சரிடம் காட்டிக் கேட்டுக்கொண்டேன். கல்வெட்டுகிறவரிடம் அப்படியே கொடு. ஆழமாக வெட்டச் சொல். தாள் ஈரமாக இருந்து உலர்ந்த மாதிரித் தெரிந்தால் அது உன் அத்தை, எழுதி முடித்ததும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

பின்பக்கம் ஒன்றும் எழுதவில்லை.

மாமா